கைபேசிக்கு எட்டாத சட்டம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் அவர்களுடைய அப்பா, தாத்தா வயதில் இருக்கிறீர்கள். இரண்டு தரப்பும் பார்ப்பது ஒரே ஆட்டத்தைத்தான். பார்க்கிற வழிதான் மாறிவிட்டது. பெரியவர்கள் மாதா மாதம் கேபிள்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறீர்கள். பிள்ளைகள் டாஸ் போடுவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் "லிங்க் இருக்கா?" என்று கேட்கிறீர்கள். யாரோ ஒருவர் டெலிகிராமிலிருந்து எடுத்துப் போடுகிறார். சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஆட்டம் ஓடுகிறது.

அந்த லிங்க்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்ட முடிந்தவர் கட்டித்தான் பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் உண்டு. நாட்டின் பெயரால் ஆடப்படுகிற ஆட்டத்தைச் சந்தா இல்லாமல் பார்க்கிற உரிமை நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்டம் கைபேசிக்குக் குடிபெயர்ந்தபோது அந்த உரிமை மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் அது நிறுவனங்களின் பேச்சு. இரண்டாவதை மட்டும் சொன்னால் திருட்டுக்கு வக்காலத்து.

1993-ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. அதுவரை நம் நாட்டில் ஒளிபரப்பு என்றால் தூர்தர்ஷன், தூர்தர்ஷன் என்றால் அரசு. போட்டியைக் காட்ட நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று சங்கம் கேட்டது. தூர்தர்ஷன் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டது: நாங்கள் பணம் தருவதாக இல்லை, உங்கள் ஆட்டத்தை நாங்கள் காட்ட வேண்டுமென்றால் தயாரிப்புச் செலவாக ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் நீங்கள்தான் தர வேண்டும். இன்றைய ஐபிஎல் ஏலத் தொகைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான செய்தி இது.

சங்கம் டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் உரிமையைக் கொடுத்தது. அரசு விடவில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி, இந்த நாட்டில் சமிக்ஞை அனுப்பும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு என்றது. வந்திறங்கிய கருவிகளைச் சுங்கத் துறை பம்பாயில் பிடித்துவைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டியும் நடந்தது. நவம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 6 ஓட்டங்கள். பந்து சச்சின் கையில். இந்தியா 2 ஓட்டங்களில் வென்றது. இங்கே இருக்கிற பெரியவர்கள் பலர் அந்த ஓவரைப் பார்த்திருப்பீர்கள். அதை நீங்கள் பார்க்க முடிந்ததற்குப் பின்னால் வழக்கறிஞர்களும் சுங்க அதிகாரிகளும் நீதிபதிகளும் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய இழுபறி இருந்தது.

அந்த வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. பி.பி. சாவந்த், தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவர் அமர்வு. வானலைகள் பொதுச்சொத்து என்றது அந்தத் தீர்ப்பு. அரசு அவற்றுக்கு முதலாளி ஆக முடியாது, தனியாரும் ஆக முடியாது. மக்களின் நன்மைக்காகச் சுதந்திரமான ஒரு பொது அமைப்பு அவற்றை நெறிப்படுத்த வேண்டும். பார்க்கிறவரின் உரிமை, கருத்துச் சுதந்திரம் தரும் அரசியல் சாசனப் பிரிவுக்குள் அடங்கும். ஒரு கிரிக்கெட் போட்டியின் பெயரால் இப்படி ஒரு தீர்ப்பு வந்ததை நான் பெருமையாக நினைக்கிறேன். சட்டக் கல்லூரிகளில் இதைப் பேச்சுரிமை வழக்காகப் படிக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் இதைப் பார்வையாளர் வழக்காகப் படிக்க வேண்டும்.

ஆனால் அரசின் பிடி தளர்ந்த இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. உரிமைகள் தனியார் அலைவரிசைகளுக்குப் போயின. கேபிள் இல்லாத வீட்டில் ஆட்டம் இல்லை என்ற நிலை வந்தது. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது டென் ஸ்போர்ட்ஸிடம் உரிமை இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தூர்தர்ஷனுக்கு அந்தப் படம் கிடைத்தது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது மறுபடியும் அதே சண்டை. உரிமை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனம் கிரிக்கெட் வாரியத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 61.2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. தூர்தர்ஷனுக்கு இலவசமாகக் கொடுத்தால் என் அலைவரிசையை யார் பார்ப்பார்கள் என்று அது கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் ஏழு நிமிடத் தாமதத்தோடு காட்டலாம் என்று ஒரு நடுவழி சொன்னது. விக்கெட் விழுந்து ஏழு நிமிடம் கழித்துப் பார்ப்பவனுக்கு அது நேரலையா என்று கேட்டார்கள் மக்கள்.

அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் 2007-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைச் சட்டம். பெயர் நீளம், செய்தி எளிது. தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசு அறிவிக்கிற ஆட்டங்களை யார் உரிமை வாங்கியிருந்தாலும், அந்த நேரலையை விளம்பரம் நீக்கி, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். தூர்தர்ஷன் அதில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிற பணத்தில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு தூர்தர்ஷனுக்கு. வானொலி என்றால் பாதிக்குப் பாதி. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள், உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி, ஒலிம்பிக், டேவிஸ் கோப்பையில் இந்தியா ஆடும் ஆட்டங்கள், கால்பந்து உலகக் கோப்பையின் சில ஆட்டங்கள் என்று பட்டியல் போகிறது. ஐபிஎல் அதில் இல்லை. இல்லாததும் சரியே. சென்னை அணியை நாம் எவ்வளவு நேசித்தாலும் அது ஒரு நிறுவனத்தின் அணி.

இந்தச் சட்டம் நன்றாக எழுதப்பட்ட சட்டம் என்றே நான் நினைக்கிறேன். முதலீடு செய்தவனையும் அது வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஏழை வீட்டையும் இருட்டில் விடவில்லை. ஒரே ஒரு குறை. பகிர்ந்த படத்தைத் தூர்தர்ஷன் எதில் காட்டலாம் என்று சொல்லும்போது, தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச் சேவையிலும் என்று மட்டும் சொன்னது. அன்றைக்கு அது போதும். ஆண்டெனா வைத்த வீடுகள் இருந்த காலம் அது.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து படித்தது. பகிரப்பட்ட படம் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிக்கும் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே உரியது. தனியார் கேபிள் வழியாகப் போகிற தூர்தர்ஷன் அலைவரிசையில் அதைக் காட்டக் கூடாது. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை காண முடியாது. விளைவைப் பாருங்கள். உங்கள் வீட்டில் கேபிள் இருக்கிறது, அதில் தூர்தர்ஷன் வருகிறது, தூர்தர்ஷனிடம் ஆட்டம் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் தெரியாது. மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருந்தால் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டு மாடியில் அந்தக் கிண்ணம் இருக்கிறது? நாம் கேபிளிலேயே வளர்ந்தவர்கள். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தபோது ஊருக்கு ஊர் அதில்தான் சேர்ந்தோம். அதற்கு முன்னால் வீடு வீடாக அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. படம் பார்ப்பது வசதி படைத்தவர்களின் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்பதில் இந்த மாநிலத்துக்கு நீண்டகால நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கைக்கும் 2007 சட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி அறுந்து கிடக்கிறது.

பிறகு ஆட்டம் கைபேசிக்கு வந்தது. 2022 ஏலத்தில் ஐந்தாண்டு ஐபிஎல் உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. இந்திய இணைய உரிமையின் முதன்மைத் தொகுப்பு மட்டும் 20,500 கோடி. கைபேசித் திரை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஏலம் அது. மொத்தத் தொகையை 410 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டத்துக்கு 118 கோடி. 2023-ல் ஜியோசினிமா எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டியது, தமிழ் வர்ணனையோடு. அதே ஆண்டு உலகக் கோப்பையை ஹாட்ஸ்டார் கைபேசியில் இலவசமாக்கியது. இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். 2025 பிப்ரவரியில் இரண்டும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. இலவசம் முடிந்தது. தொடக்கத்தில் கைபேசிக்கு மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்.

நான் அந்த 149 ரூபாயைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டு இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு கதவைச் சாத்தினால், மூடிய கதவுக்கு வெளியே நிற்பவன் பக்கத்துச் சந்தில் வழி தேடுவான். அந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒருவர் சந்தா கட்டி ஆட்டத்தைத் திறக்கிறார். பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தின் பூட்டை ஒரு சிறு கருவியால் உடைத்து, கணினியில் ஏற்றி, வேறொரு நாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வரிலிருந்து மறுபடி அனுப்புகிறார். இன்னும் கெட்டிக்காரர்கள் படத்தைத் தொடுவதே இல்லை. சந்தாதாரருக்குத் தரப்படும் அடையாளக் குறியீட்டைத் திருடி, நிறுவனத்தின் சர்வரே அவர்களுடைய ஆட்களுக்குப் படம் அனுப்பும்படி செய்துவிடுகிறார்கள். செலவையும் நிறுவனமே ஏற்கிறது. படம் இப்படிச் சுற்றி வருவதால்தான் பக்கத்து வீட்டில் விசில் சத்தம் கேட்டு அரை நிமிடம் கழித்து உங்கள் கைபேசியில் தோனி மட்டையைத் தூக்குகிறார்.

இவ்வளவு பாடுபட்டு இதை இலவசமாகத் தருவதற்கு அவர் என்ன தருமகர்த்தாவா? 2023 ஐபிஎல்லின்போது ஃபேர்பிளே என்ற பந்தயச் செயலி ஆட்டங்களை அனுமதியின்றிக் காட்டியதாக வயாகாம்18 நிறுவனம் புகார் கொடுத்தது. நூறு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது புகார். மகாராஷ்டிரச் சைபர் பிரிவு வழக்குப் பதிந்தது. அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கியது. ஆட்டத்தைக் காட்டுவதே பந்தயம் கட்ட வைப்பதற்காக என்பதுதான் அங்கே வியாபாரம். படத்துக்குக் கீழேயே அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று பணம் கட்டச் சொல்லும் பொத்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அதைவிட ஆபத்தான அருகாமை வேறில்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்துப் படித்துத்தான் தமிழ்நாடு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வாசற்கதவைச் சட்டம் போட்டு அடைத்தோம். லிங்க் பந்தயக்காரர்களைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வருகிறது.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். ஸ்ட்ரீம்ஈஸ்ட் என்ற தளம் உலகத்திலேயே பெரிய திருட்டு விளையாட்டு ஒளிபரப்புத் தளமாக இருந்தது. ஓராண்டில் 160 கோடி வருகைகள். 2025 ஆகஸ்டில் எகிப்தில் இருவரைக் கைது செய்து அதை மூடினார்கள். விளம்பர வருமானமாக வந்த 62 லட்சம் டாலரை ஐக்கிய அரபு அமீரகத்தில் பெயருக்கு வைத்திருந்த ஒரு நிறுவனம் வழியாகச் சுற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு. இலவசமாகப் பார்த்தோம் என்று நினைத்தவர்கள் ஒவ்வொரு சொடுக்கிலும் அந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரபூர்வ ஒளிபரப்பில் மட்டும் சூதாட்ட விளம்பரம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. பந்தயத் தளங்கள் செய்தித் தளம்போல வேடமிட்டு விளம்பரம் செய்தன. 2022-ல் ஒளிபரப்பு அமைச்சகம் இரண்டு முறை எச்சரிக்க வேண்டியிருந்தது. பணம் கட்டி அணி அமைக்கும் விளையாட்டுச் செயலி ஒன்று ஐபிஎல்லுக்கே பெயர் கொடுத்தது, இந்திய அணியின் சட்டையிலும் ஏறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்த சில நாட்களில் அந்தப் பெயர் சட்டையிலிருந்து இறங்கியது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. முகவரி உள்ள நிறுவனத்தைச் சட்டம் தொட முடிகிறது. நாமும் தொடலாம்: புகார் எழுதலாம், வழக்குப் போடலாம், சந்தாவை நிறுத்தலாம். லிங்க்கின் முகவரி நாளைக்கு வேறாகிவிடும்.

முகவரி இல்லாதவனோடு நீதிமன்றங்கள் நெடுநாளாகப் போராடுகின்றன. 2002 கால்பந்து உலகக் கோப்பையின்போது உரிமம் இல்லாமல் படம் காட்டிய கேபிள்காரர்களுக்கு எதிராக, பெயர் தெரியாத எதிர்வாதிகள் மீது தடையுத்தரவு தர டெல்லி உயர் நீதிமன்றம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது. பிற்பாடு அப்படிப்பட்ட எதிர்வாதிக்கு அசோக் குமார் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய அசோக் குமார் உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் சம்பந்தமே இல்லாத முழுத் தளங்களையும் முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்கலாம் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது. இப்போது 2023 உலகக் கோப்பைக்கு ஸ்டார் நிறுவனம் வாங்கியதுபோல, ஆட்டம் நடக்கும்போதே புதிதாக முளைக்கும் தளங்களையும் முடக்கும் உத்தரவுகள் வந்துவிட்டன. ஸ்பெயினில் கால்பந்து லீக்குக்காக இணைய முகவரிகளை மொத்தமாக முடக்கியதில், ஆட்ட நாட்களில் ஒன்றுமறியாக் கடைக்காரர்களின் தளங்களும் சேர்ந்து இருண்டன. பூட்டை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அது எச்சரிக்கை.

ஆட்டம் யாருடைய சொத்து என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் மதுக்கூடம் நடத்திய கேரன் மர்ஃபி என்ற பெண்மணி, உள்ளூர்ச் சந்தா கட்டுப்படியாகாமல் கிரேக்க நாட்டு அட்டையை வாங்கிப் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டினார். அபராதம் விதித்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2011 அக்டோபரில் வந்த தீர்ப்பு, கால்பந்து ஆட்டம் ஒரு படைப்பு ஆகாது, ஆகவே ஆட்டத்துக்கே பதிப்புரிமை கிடையாது என்றது. ஒரு ஐரோப்பிய நாட்டில் காசு கொடுத்து வாங்கிய அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தத் தடை போடக் கூடாது என்றது. 2016-ல் உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியை நடத்தியவர்கள் காய் நகர்த்தல்களை மற்ற தளங்கள் உடனுக்குடன் வெளியிடக் கூடாது என்று மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் தோற்றார்கள். எந்தக் காய் எங்கே போனது என்பது நடந்த செய்தி, அது எல்லோருக்கும் உரியது. குகேஷ் சிங்கப்பூரில் பட்டம் வென்றதை நாம் யூடியூபில் காசின்றிப் பார்த்தோம். சதுரங்கம் அதனால் அழியவில்லை.

ஆக, ஆட்டம் பொது. ஸ்கோர் பொது. ஆனால் மைதானத்தைச் சுற்றிப் பல கேமராக்களை நிறுத்தி, வர்ணனையாளரை அமர்த்தி, செயற்கைக்கோளில் ஏற்றி உங்கள் கைக்குக் கொண்டுவருவது உழைப்பு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அந்த ஒளிபரப்புக்குத்தான் 25 ஆண்டு உரிமை தருகிறது. வானொலி வர்ணனையை நினைத்துப் பாருங்கள். பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது சேப்பாக்கத்திலிருந்து சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் சொல்லச் சொல்ல, தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு அது இலவசம். அவருக்கும் தொழில்நுட்பக்காரர்களுக்கும் அரசு வானொலி சம்பளம் கொடுத்தது. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் பணம் எங்கே போகிறது? பெரிய வீரர்களின் கார்களுக்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் போட்டது தொலைக்காட்சியில் தெரிந்து, 2017-ல் 3 கோடிக்கு ஐபிஎல் அணிக்குப் போனார். 2023-ல் தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்தார். இன்னும் கீழே போங்கள். ரஞ்சிக் கோப்பையில் புதிதாக ஆடவரும் பையனுக்கு 2021-ல் நிர்ணயித்த ஊதியம் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். இந்திய அணிக்கே வராமல் பத்தாண்டு ரஞ்சி ஆடி ஒருவர் குடும்பத்தைக் காப்பாற்ற முடியும் என்பது முந்தைய தலைமுறை கண்டதில்லை. வங்கி வேலையோ ரயில்வே வேலையோ இருந்தால்தான் மட்டையைத் தொட முடியும். 2022 அக்டோபரில் பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான ஆட்ட ஊதியம் அறிவித்தார்கள்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். அடுத்த ஆண்டே பெண்கள் பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கு விற்றது. பார்க்கிற கண்களின் எண்ணிக்கைதான் இந்தத் தொகைகளாக மாறுகிறது. லிங்க்கில் பார்க்கிற கண் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கிரிக்கெட் வாரியம் பணக்கார அமைப்பு, அது தாங்கிக்கொள்ளும். உரிமைகள் ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே விற்கப்படுவதால் இன்று நீங்கள் லிங்க்கில் பார்த்தால் இன்று யாருடைய சம்பளமும் குறையாது என்பதும் உண்மை. அடுத்த ஏலத்தில்தான் தெரியும். அதற்குள் சின்ன ஆட்டங்கள் விழுந்துவிடும். 2025-ல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து நின்றுபோய், ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதன்மை அணியின் பணிகளையே நிறுத்திவைத்தது நினைவிருக்கும். அதற்குக் காரணம் திருட்டு ஒளிபரப்பு இல்லை. கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிக்கல். ஆனால் ஒளிபரப்பு வருமானம் வலுவாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுவார்த்தை அவ்வளவு நாள் இழுத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு நிறுவனங்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தியா உள்ளூரில் ஆடினால் ஒரு செயலி, ஆசியக் கோப்பைக்கு சோனி லிவ், மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனால் ஃபேன்கோடு. ஒரே அணியைப் பின்தொடர மூன்று சந்தா. ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்க நினைப்பவருக்குச் சீட்டு விற்கும் வழக்கம் ஃபேன்கோடில் இருக்கிறது. அது எல்லோரிடமும் வர வேண்டும். திரையரங்கில் ஒரு படத்துக்கு ஒரு சீட்டுதானே வாங்குகிறோம். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டு, நிறுத்துகிற பொத்தானை எங்கோ ஒளித்துவைக்கும் வேலையும் ஒழிய வேண்டும்.

ஒரு மாணவர் கூட்டம் தொடங்குமுன் என்னிடம் ஒரு கேள்வி கொடுத்தார். "விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அப்பா அனுப்புவதில் சாப்பாட்டுக்கே சரியாகிறது. இந்தியா ஆடும் ஆட்டத்தை லிங்க்கில் பார்த்தால் நான் திருடனா?" இல்லை, தம்பி. சட்டம் குறிவைப்பது மறு ஒளிபரப்புகிறவரையும் அதில் காசு பார்க்கிறவரையும். உன்னைத் திருடன் என்று அழைக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்த லிங்க்கைத் திறக்காதே என்று உன் அப்பா இடத்தில் நின்று கேட்டுக்கொள்வேன், அங்கே உன்னைச் சரக்காகப் பார்ப்பவன் இருக்கிறான் என்பதற்காக. அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சந்தா போட்டு ஒரே திரையில் பாருங்கள். அதுவும் முடியாதபோது, இந்தியா ஆடும் ஆட்டத்தை உன் கையிலிருக்கும் கருவியில் சந்தா இல்லாமல் பார்க்க உனக்கு வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழி இல்லாதது உன் குற்றமில்லை. எங்கள் தலைமுறை கேட்டு வாங்கத் தவறியது.

அதைக் கேட்டு வாங்குவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 2007 சட்டத்தின் 3-ஆம் பிரிவில் தரைவழி, டிடிஎச் என்று இருக்கிற இடத்தில் பிரசார் பாரதியின் இணைய சேவையையும் சேர்க்க வேண்டும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி வேவ்ஸ் என்ற செயலியைத் தொடங்கிவிட்டது; ஓடுவதற்குத் தடம் தயாராக இருக்கிறது. தூர்தர்ஷன் அலைவரிசை கேபிளில் வந்தாலும் ஆட்டம் தெரிய வேண்டும். தமிழ் வர்ணனை இருக்க வேண்டும். நிறுவனம் நட்டப்படும் என்பார்கள். வேவ்ஸில் சாதாரணத் துல்லியத்தில் படம் போகட்டும்; உயர் துல்லியம், மறுபார்வை, விரும்பிய கோணம் எல்லாம் சந்தாதாரருக்கு இருக்கட்டும். விளம்பரப் பணத்தில் 75 பங்கு திரும்ப அவர்களுக்கே போகிற ஏற்பாடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களுக்கு வயாகாம்18 நிறுவனம் 5,963 கோடி கொடுத்து வாங்கிய உரிமை 2028 மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஏலத்துக்கு முன்பே திருத்தம் வந்துவிட்டால், கேட்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு விலை சொல்வார்கள். ஏலம் முடிந்த பிறகு வந்தால், போட்ட பணத்தைக் காட்டி 2007-ல் நடந்ததுபோல நீதிமன்றப் படியேறுவார்கள், நாம் மறுபடியும் ஏழு நிமிடத் தாமதத்துக்கு வாதாடிக்கொண்டிருப்போம். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அனுப்ப ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒப்புதல் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். மாற்ற வேண்டிய வரி இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.